ஏலக்காய் ஸ்டோருக்கு வாங்கிய ஃபைபர் இணைப்பு: ஐபிவி6 முகவரியோடு பதினான்கு மாதங்கள்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் குடியிருந்துகொண்டு மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் ஊரில் பல உண்டு. எங்களுக்கும் கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் வண்டன்மேட்டுப் பக்கம் நான்கு ஏக்கர் தோட்டமும், பறித்த காயை உலர்த்தும் சிறிய ஸ்டோர் ஒன்றும் இருக்கின்றன. காலையில் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறி, மாலையில் அதே வழியில் இறங்கிவிடுகிறோம். காய் உலர்வதோ பெரும்பாலும் இரவில். அந்த இரவுகளில் ஸ்டோரைக் கம்பத்திலிருந்தே கவனித்துக்கொள்வதற்காகச் சென்ற ஆண்டு ஆடி மாதம் மலைமேல் ஒரு புதிய ஃபைபர் இணைப்பு வாங்கினோம். அதைப் பற்றிய மதிப்புரை இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் சேவை, அதைப் பராமரிக்கும் உள்ளூர் ஆளைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதால், பெயரைவிட இணைப்பில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். வேகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நொடிக்கு 50 மெகாபிட் என்றார்கள், அது கிடைக்கிறது. இனி எழுதப்போவது எல்லாம் முகவரியைப் பற்றியது: இணையத்தில் ஒரு கருவி மற்றொன்றைக் கண்டடைய உதவும் எண்ணே ஐபி முகவரி; அதில் ஐபிவி4 பழைய முறை, ஐபிவி6 புதிய முறை.

பறித்த பச்சைக்காயை அன்றே டிரையரில் ஏற்றிவிட வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோ காயாகிறது. அது வரைக்கும் டிரையரின் வெப்பம் 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும். கூடினால் தோலின் பச்சை வெளிறிவிடும். குறைந்தால் ஈரம் தங்கிவிடும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வரும் வியாபாரி முதலில் பார்ப்பது காயின் நிறத்தையும் பருமனையும்தான் என்பதால், ஒரே இரவில் வெப்பம் தவறினால் இழப்பது அந்த எடுப்பு (ஒரு முறை பறித்த காய்) முழுவதற்குமான விலையாக இருக்கும். ஆகவே ஸ்டோரில் நான்கு கேமராக்களையும், அவற்றின் பதிவுப்பெட்டியையும், டிரையரின் மூன்று தட்டுகளில் வெப்பத்தை அளந்து சொல்லும் ஒரு சிறு கருவியையும் பொருத்தியிருந்தோம். கருவிகள் அனைத்தும் நன்றாகவே வேலை செய்தன. அவற்றைக் கம்பத்திலிருந்து எட்ட முடியவில்லை என்பதுதான் சிக்கலாக இருந்தது.

முதலில் இருந்தது உள்ளூர் கேபிள் இணைப்பு. பழைய முறைப்படி ரூட்டருக்குள் சென்று போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் தொடர்பை உள்ளே உள்ள ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்தால் வெளியிலிருந்து பதிவுப்பெட்டியைத் திறக்கலாம் என்று எனக்குத் தெரியும். கம்பத்து வீட்டில் பத்து ஆண்டுகளுக்கு முன் அப்படிச் செய்திருக்கிறேன். மலைமேல் எத்தனை முறை செய்தும் பலிக்கவில்லை. காரணம் ரூட்டரின் அமைப்புப் பக்கத்திலேயே எழுதியிருந்தது: நிறுவனம் எங்களுக்குக் கொடுத்திருந்த முகவரி 100.70 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையில் உள்ள முகவரிகள் இணையத்தில் யாருக்கும் உரியவை அல்ல. இணைய நிறுவனங்கள் தம் வலையமைப்பின் உள்ளே மட்டும் பயன்படுத்திக்கொள்வதற்காக 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. நம் வீட்டு ரூட்டர் பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பதைப் போலவே, நிறுவனமும் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறது. இதற்குக் கேரியர் கிரேடு நேட் என்று பெயர். வெளியே போகும் கடிதம் போய்ச் சேரும், பதிலும் வரும். ஆனால் வெளியிலிருந்து புதிதாக ஒருவர் நம் வீட்டைத் தேடி வர வழி இல்லை, ஏனென்றால் தெருவில் நம் வீட்டுக்கென்று ஒரு கதவு எண்ணே இல்லை. கேபிள் நடத்துபவரிடம் கேட்டபோது அவர் மறைக்காமல் சொன்னார்: “அண்ணே, ஸ்டேட்டிக் ஐபி தனியாத்தான் வாங்கணும். வருசத்துக்குப் பணம் கட்டணும். அதுவும் இப்ப என் கையில மிச்சம் இல்ல.” எங்களுக்கென்றே உரிய, மாறாத பொது முகவரியைத்தான் அவர் ஸ்டேட்டிக் ஐபி என்றார்.

கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாமே என்று கேட்பார்கள். பார்த்தோம். அந்த முறையில் நம் பதிவுப்பெட்டி எங்கோ உள்ள கேமரா நிறுவனத்தின் சர்வரோடு எப்போதும் பேசிக்கொண்டிருக்கும்; நம் கைப்பேசியும் அதே சர்வரிடம் போகும்; நேர்வழி கிடைக்காதபோது இரண்டுக்கும் நடுவே அந்த சர்வரே படத்தைக் கைமாற்றிக் கொடுக்கும். எங்களுக்குப் பெரும்பாலும் அப்படியே நடந்தது. படம் வர இருபது நொடிகளுக்கு மேல் ஆகும், பாதியில் நிற்கும், சில இரவுகளில் வரவே வராது. கம்பத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மலையில் இருக்கும் எங்கள் ஸ்டோரின் படம், எங்களுக்குத் தெரியாத ஒருவரின் கணினியில் ஏறி இறங்கி வருவதை நான் விரும்பவும் இல்லை. அந்த நிறுவனம் நாளைக்கு சர்வரை நிறுத்திவிட்டால் நான்கு கேமராக்களும் சுவரில் மாட்டிய பொம்மைகளாகிவிடும்.

இந்த நிலைக்குக் கேபிள் நடத்துபவர் மேல் பழி சொல்ல எனக்கு மனமில்லை. இன்று பெரும்பாலும் நாம் பயன்படுத்தும் ஐபிவி4 முறை 1981 செப்டம்பரில் ஆவணமாக வெளிவந்தது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பு அந்த முறைக்கு மாறியது. அதில் ஒரு முகவரிக்கு 32 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்). ஆகவே மொத்தம் 4,294,967,296 முகவரிகள், அதாவது ஏறத்தாழ 429 கோடி. அப்போதே உலக மக்கள்தொகை அதைவிட அதிகம். அந்த 429 கோடியிலும் 224 முதல் 255 வரை தொடங்கும் முகவரிகள் சாதாரணப் பயன்பாட்டுக்குக் கிடையாது; 127 என்று தொடங்கும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் ஒரு கணினி தன்னோடு தானே பேசிக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்டவை. மீதியிலும் பலவற்றைத் தொடக்கக் காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பெருநிறுவனங்களுக்கும் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்துவிட்டார்கள். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து பெரும் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று, முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் மண்டலப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. நம் ஆசிய பசிபிக் பகுதியின் பதிவகமான ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்து, கையைச் சுருக்கிக்கொண்டது.

இதில் எங்களைப் போன்ற எல்லையோர ஊர்களுக்கு நேரடியாக உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. 2019 முதல், ஏப்நிக்கில் புதிதாகச் சேரும் ஒரு நிறுவனம் ஐபிவி4 முகவரிகளில் அதிகபட்சமாகப் பெறக்கூடியது 512. கம்பத்திலோ குமுளியிலோ இன்று ஒருவர் கடன் வாங்கி, கம்பம் நட்டு, ஃபைபர் இழுத்து, மூவாயிரம் வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தாலும் அவர் கையில் இருக்கப்போவது 512 முகவரிகள்தான். மீதியை அவர் சந்தையில் வாங்க வேண்டும். ஆம், முகவரிக்குச் சந்தை இருக்கிறது. 2011இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், திவாலான நார்டெல் நிறுவனத்திடமிருந்து 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. முகவரி ஒன்றுக்கு 11 டாலருக்குச் சற்று மேல். அமேசானின் கணினி வாடகைச் சேவை 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கிறது. ஓர் ஆண்டுக்கு அது 43 டாலரைத் தாண்டும். எண்களுக்கு இப்படி வாடகை ஏறிய பிறகு, அதைத் தாங்கக்கூடியவர் முன்பே முகவரிகளைக் குவித்து வைத்த பெரியவர்தான். சிறிய கேபிள்காரர் 64 வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தி, ஒரு முகவரிக்கு உரிய 65,536 போர்ட்டுகளை (தொடர்புகளைப் பிரித்தறியும் வாயில் எண்களை) வீட்டுக்கு 1,024 என்று பங்கிட்டுச் சமாளிக்கிறார். அந்த 64 பேரில் ஒருவருடைய கணினி வைரஸ் பிடித்துத் தொல்லை கொடுத்தாலும், வலைத்தளங்கள் மொத்தப் பேரையும் சந்தேகப்பட்டு, ‘நீங்கள் மனிதர்தானா’ என்று படங்களைக் காட்டிக் கேட்கத் தொடங்கிவிடுகின்றன. முன்பு எங்கள் ஸ்டோரில் வாரத்துக்கு நான்கு முறையாவது அது நடந்தது.

இப்போது புதிய இணைப்புக்கு வருகிறேன். ஃபைபர் இழுக்க வந்த சேட்டன் நல்ல வேலைக்காரர்; மழையிலும் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு ரூட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஐபிவி4 முகவரி இங்கேயும் 100இல் தொடங்கும் உள்முகவரிதான். ஆனால் அதற்குக் கீழே 2 என்று தொடங்கும் நீண்ட ஐபிவி6 முகவரி ஒன்றும், எங்கள் ஸ்டோருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு முகவரித் தொகுதியும் இருந்தன. பதிவுப்பெட்டியில் ஐபிவி6ஐ இயக்கினேன். அது தனக்கென ஒரு முகவரியை அந்தத் தொகுதியிலிருந்து தானே அமைத்துக்கொண்டது. ரூட்டரின் பாதுகாப்புச் சுவரில் (ஃபயர்வால்) அந்த ஒரு முகவரிக்கு மட்டும், ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறந்துவிட்டு, கைப்பேசியில் மொபைல் டேட்டா வழியாக அந்த முகவரியைக் கொடுத்தேன். இரண்டு நொடிகளில் டிரையரின் படம் வந்தது. நடுவில் சர்வர் எதுவும் கிடையாது. மலைமேல் உள்ள பெட்டியும் என் கைப்பேசியும் நேருக்கு நேர் பேசின. சென்ற மார்கழியில் ஓர் இரவு இரண்டு மணிக்கு நடுத்தட்டின் வெப்பம் 53 டிகிரியைத் தொட்டிருப்பதைக் கம்பத்து வீட்டில் படுத்தபடியே பார்த்து, ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணனைத் தொலைபேசியில் எழுப்பி விறகைக் குறைக்கச் சொன்னேன். அந்த எடுப்பின் காய் நிறம் கெடாமல் ஏலத்துக்குப் போனது. இந்த இணைப்புக்குக் கொடுத்த பணம் அன்றைக்கே திரும்பிவிட்டதாக எங்கள் அம்மா கணக்குச் சொன்னார்கள்.

ஐபிவி6 புதியது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஸ்டீவ் டீரிங், பாப் ஹிண்டன் ஆகிய இருவர் எழுதினார்கள். 2017 ஜூலையில் அது முழுத் தரநிலையாக ஏற்கப்பட்டது. முகவரிக்கு 128 பிட்டுகள். மொத்த எண்ணிக்கையைச் சொன்னால் 39 இலக்கங்கள் வரும், அதை எழுதிப் பயனில்லை. ஒரு வீட்டின் உள்வலைக்குக் கொடுக்கப்படும் மிகச் சிறிய தொகுதியில் மட்டும் 18,446,744,073,709,551,616 முகவரிகள் உண்டு என்பதைச் சொன்னால் போதும். நம் கேபிள் நடத்துபவருக்கு அதே ஏப்நிக் பதிவகத்தில் ஐபிவி6 கேட்டால் கிடைக்கும் வழக்கமான தொகுதியிலிருந்து, அத்தகைய உள்வலைகள் 256 கொண்ட பங்கை 1,67,77,216 வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். இடுக்கி, தேனி இரண்டு மாவட்டங்களிலும் உள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்த பிறகும் பெரும்பகுதி மிச்சமிருக்கும். ஒரு பக்கம் 512, இன்னொரு பக்கம் இது. புதிய முறைக்கு இணையம் மாற வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

இனி குறைகள். முதலாவது, முகவரித் தொகுதி நிலையாக இல்லை. மழைக்காலத்தில் மலைமேல் மின்சாரம் அடிக்கடி போகிறது. ஒவ்வொரு முறை ரூட்டர் அணைந்து எழும்போதும் நிறுவனம் வேறு தொகுதியைத் தருகிறது. முந்தைய நாள் குறித்து வைத்த முகவரி மறுநாள் செல்லாது. முகவரிப் பற்றாக்குறையே இல்லாத ஒரு முறையில் தொகுதியை இப்படி மாற்றிக்கொண்டே இருக்க எந்தத் தேவையும் கிடையாது. ஐரோப்பியப் பதிவகமான ரைப்பைச் சுற்றியுள்ள வல்லுநர்கள், வாடிக்கையாளருக்கு நிலையான தொகுதியையே கொடுக்க வேண்டும் என்று 2017இலேயே எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். நான் பதிவுப்பெட்டிக்கு ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரைப் பதிவு செய்து, முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயர் புதிய முகவரியைக் காட்டும்படி அமைத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சுவரின் விதியும் பழைய முகவரியிலேயே நின்றுவிடாதிருக்க, தொகுதியை விட்டுவிட்டு முகவரியின் பிற்பாதியை மட்டும் பார்க்கும்படி விதியை எழுத வேண்டியிருந்தது. இதைச் செய்யத் தெரியாதவருக்கு முதல் மின்வெட்டோடு எல்லாம் நின்றுவிடும்.

இரண்டாவது, நிறுவனம் கொடுத்த ரூட்டரில் வாடிக்கையாளர் கடவுச்சொல்லோடு நுழைந்தால் ஐபிவி6 பாதுகாப்புச் சுவரின் பக்கமே தெரியாது. உதவி எண்ணில் பேசிய மூவரில் ஒருவருக்கும் நான் கேட்பது என்ன என்று விளங்கவில்லை. ‘நெட் வருகிறதல்லவா’ என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் பழைய சேட்டனே வந்து, அலுவலகத்தில் பேசி, நிறுவனத்தின் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிடும் வெறும் பாலமாக மாற்றி, நான் வாங்கிவந்த சொந்த ரூட்டரைப் பொருத்த அனுமதி வாங்கிக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருந்திருக்கும். நல்ல பொருளை விற்றுவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று தம் ஊழியருக்கே சொல்லிக் கொடுக்காமல் இருப்பது வருத்தம் தருகிறது.

பாதுகாப்பு பற்றிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்ட கேள்வியைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி என்றால் உலகத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் நம் கேமராவைப் பார்த்துவிட மாட்டார்களா என்பது கேள்வி. முகவரி இருப்பதும் கதவு திறந்திருப்பதும் ஒன்றல்ல. பழைய நேட் முறையில் வெளியார் உள்ளே வர முடியாமல் போனது, முகவரி இல்லாததால் ஏற்பட்ட பக்கவிளைவு. காவல் என்ற வேலையை உண்மையில் செய்வது ரூட்டரின் பாதுகாப்புச் சுவர். வீட்டு ரூட்டர்களில் அது பொதுவாக, உள்ளிருந்து தொடங்காத எந்தத் தொடர்பையும் தடுக்கும் நிலையிலேயே வருகிறது. எங்கள் ரூட்டரிலும் அப்படித்தான் இருந்தது. நான் திறந்தது ஒரே கருவிக்கு ஒரே போர்ட்டை. மேலும், நொடிக்குப் பத்து லட்சம் முகவரிகள் வீதம் தட்டிப் பார்க்கும் ஒருவன் ஐபிவி4 உலகம் முழுவதையும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் தட்டி முடித்துவிடுவான். அதே வேகத்தில் எங்கள் ஸ்டோரின் ஒரே ஓர் உள்வலையைத் தட்டி முடிக்க அவனுக்கு ஐந்தே முக்கால் லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதை நம்பி அலட்சியமாக இருக்கலாம் என்று சொல்லவில்லை. முகவரி வேறு வழிகளில் வெளியே தெரியக்கூடும். ஆகவே பதிவுப்பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றினேன், மென்பொருளையும் புதுப்பித்தேன். ரூட்டர் வாங்கும்போது ஐபிவி6 பாதுகாப்புச் சுவர் இயங்குகிறதா என்று பார்க்காமல் யாரும் எதையும் திறக்க வேண்டாம்.

தனிமை பற்றியும் ஒரு செய்தி. தொடக்கக் காலத்தில் கருவியின் வன்பொருள் எண்ணிலிருந்தே முகவரியின் பிற்பாதி அமைந்ததால், ஒரே கைப்பேசியை எந்த ஊருக்குப் போனாலும் அடையாளம் காண முடியும் என்ற குறை இருந்தது. அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரிகளை அமைத்துக்கொள்ளும் முறை 2001இலேயே வகுக்கப்பட்டது. இன்றைய கைப்பேசிகள் அதையே பின்பற்றுகின்றன. எதிர்ப்பக்கத்தில், பலர் ஒரே முகவரியைப் பகிர்வது குற்றவாளிகளுக்கு மறைவிடமாகிறது என்று ஐரோப்பியக் காவல்துறை அமைப்பான யூரோபோல் 2017இல் வெளிப்படையாகவே குறை கூறியது. ஒருவர் செய்த தவறுக்கு அதே முகவரியைப் பகிரும் அறுபது குடும்பங்களின் கதவு தட்டப்படலாம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவரவருக்கு அவரவர் முகவரி இருப்பதே கௌரவமானது என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரியது, ஆனால் அது இந்த இணைப்பின் குறை அல்ல. மலைமேல் ஐபிவி6 வந்துவிட்டது, கைப்பேசியில் இருக்கிறது, கம்பத்து வீட்டின் ஃபைபரில் இல்லை. ஐபிவி4 மட்டும் உள்ள கணினியால் ஐபிவி6 முகவரியை நேரடியாக எட்ட முடியாது. இரண்டும் ஒரே கம்பியில் ஓடினாலும் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. ஆகவே வீட்டில் இருக்கும்போது ஸ்டோரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பார்க்கிறோம். வரவேற்பறையில் இருக்கும் பெரிய தொலைக்காட்சியில் டிரையரின் படத்தைப் போட்டு வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பதினான்கு மாதங்களாக அது நடக்கவில்லை. முகவரி மாற்றத்தை ஒரு கரையில் மட்டும் செய்து முடிக்க முடியாது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. நம்மை நோக்கி வருபவருக்கும் அதே முறை இருந்தால்தான் நம் முகவரிக்கு மதிப்பு. இந்த மாற்றம் இத்தனை ஆண்டுகள் இழுபட்டதற்கும் இதுவே காரணம்: முதலில் மாறுகிறவருக்குச் செலவு, கடைசியில் மாறுகிறவருக்கு உடனடி நட்டம் எதுவும் இல்லை, அவர் மாறாததன் சுமையை அவரோடு பேச வேண்டிய மற்றவர்கள் சுமக்கிறார்கள்.

கம்பத்து நிறுவனத்தில் கேட்டால், ‘உபகரணம் மாற்ற வேண்டும், யாரும் கேட்பதில்லை’ என்கிறார்கள். யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான். கதவு எண் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத் தமக்குக் கடிதம் வராததே தெரியாது. ஆனால் நம் நாடு இதில் பின்தங்கிய நாடும் அல்ல. தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே ஐபிவி6க்கான தேசிய வழித்திட்டத்தை வெளியிட்டது. 2013 மார்ச்சில் இரண்டாவது வழித்திட்டம் வந்தது. 2016இல் சேவையைத் தொடங்கிய ஜியோ தொடக்கம் முதலே தன் கைப்பேசி வலையமைப்பில் ஐபிவி6ஐக் கொடுத்ததால், இன்று ஐபிவி6 பயன்படுத்துவோர் விகிதத்தில் உலகில் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஐபிவி6 மட்டுமே உள்ள வலையமைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் தன் கடையில் ஏற்கும் செயலிகளுக்கு 2016 ஜூன் முதல் விதித்ததால், செயலி எழுதுவோரும் அப்போதே தயாராகிவிட்டார்கள். எஞ்சி நிற்பது வீட்டுக்கு வரும் கம்பி. 2022 டிசம்பர் 31க்குப் பிறகு கொடுக்கப்படும் புதிய கம்பிவழி இணைப்புகள் அனைத்தும் ஐபிவி6ஐச் சுமக்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021இல் காலக்கெடு விதித்தது. எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் அதற்குப் பிறகு போடப்பட்ட இணைப்பிலும் நான் பார்த்தவரை 100இல் தொடங்கும் உள்முகவரி மட்டுமே இருக்கிறது.

புதிய முகவரி நீளமானது, நினைவில் நிற்காது என்ற குறையைச் சிலர் சொல்கிறார்கள். நிற்காதுதான். வீட்டு ரூட்டரின் 192.168.1.1ஐப் போல வாய்க்கு வருவதில்லை. பெயர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கைப்பேசி எண்களையே இப்போது யாரும் மனப்பாடம் செய்வதில்லை என்பதால் இதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை.

சந்தா பழைய கேபிள் இணைப்பைவிட மாதத்துக்கு அறுபது ரூபாய் கூடுதல். ஸ்டேட்டிக் ஐபிக்குத் தனியாகக் கட்ட வேண்டிய பணம் மிச்சம். சொந்த ரூட்டருக்கு ஒருமுறைச் செலவு உண்டு. பதினான்கு மாதங்களில் ஃபைபர் அறுந்து நின்றது மூன்று முறை, மூன்றும் மரம் விழுந்ததால். ஒவ்வொரு முறையும் இரண்டு நாட்களுக்குள் சரிசெய்தார்கள். தோட்டத்தில் கேமரா, டிரையரில் வெப்பமானி, மோட்டாருக்குக் கைப்பேசிக் கட்டுப்பாடு என்று ஏதாவது ஒன்று வைத்திருப்பவர்கள் இந்த இணைப்பைத் தயங்காமல் வாங்கலாம். பாட்டு கேட்கவும் செய்தி பார்க்கவும் மட்டும் என்றால் பழைய கேபிள் இணைப்பே போதும். வாங்கும் முன் பணத்தைக் கொடுக்காமல் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஐபிவி6 உண்டா, தொகுதி நிலையானதா, சொந்த ரூட்டரைப் பொருத்த விடுவீர்களா. முதல் கேள்விக்கு ‘அது என்ன’ என்று பதில் வந்தால், அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள பக்கத்து வீட்டுக்குப் போய், ரூட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருக்கிறதா, அதன் கீழே 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கம்பத்து வீட்டு இணைப்பின் ஆண்டுச் சந்தா வரும் தை மாதம் முடிகிறது. ஐபிவி6 வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கைப்பட எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் தோட்டம் உள்ள இன்னும் ஐந்து வீட்டுக்காரர்களும் அதே கடிதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தைக்குள் முகவரி வந்தால் அவர்களிடமே புதுப்பிப்போம். வராவிட்டால் ஆறு வீடுகளும் சேர்ந்து, முகவரி கொடுப்பவரிடம் மாறிக்கொள்வதாகப் பேசி வைத்திருக்கிறோம்.